வாகன ஏ.சி. காஸை வெளியே விடலாமா?

எமது தோட்டத்துப் பிள்ளைகள் ஓ.எல். முடித்த கையோடு கொழும்புக்கு இறங்கினால், அதிகமானோர் போய்ச் சேர்வது கடைகளுக்கும் கராஜ்களுக்கும்தான். லயத்துக்கு லயம் விசாரித்தால், கராஜில் ஒரு பிள்ளை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இந்த முறை மலேரியா, டெங்கு, சத்துமா என்று எழுதாமல், வாகன ஏ.சி. காஸைப் பற்றி எழுதுகிறேன். "நமக்கும் ஏ.சி.க்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்க வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த தம்பி ஒருவர் எனது காரியாலயத்துக்கு வந்தார். வலது கையில் மூன்று விரலுக்குக் கட்டு. கொழும்புப் பக்கம் ஒரு கராஜில் வேலை. ஒரு வேனின் கொம்ப்ரஸரைக் கழற்ற வேண்டியிருந்ததாம். "மொதல்ல காஸை வெளிய விட்டுரு" என்று பாஸ் சொல்லியிருக்கிறார். தம்பி ஸ்பேனரை வைத்துக் குழாய் நட்டை இளக்கியிருக்கிறார். "தண்ணி தெறிச்ச மாதிரிதாங்கய்யா இருந்துச்சு. பார்த்தா வெரலு மெழுகு மாதிரி வெள்ளையாயிருச்சு. வலியே தெரியல. ராத்திரிதான் உயிர் போச்சு" என்றார். இரண்டு கிழமை வேலை இல்லை, சம்பளமும் இல்லை. கண்ணில் படாதது அவர் அம்மா கும்பிட்ட சாமியின் புண்ணியம்.

அந்தக் குழாய்க்குள் இருப்பது என்ன?

வாகன ஏ.சி.க்குள் ஓடுவது வெறும் காற்று அல்ல. அது குளிரூட்டும் காஸ். அமுக்கத்தில் இருக்கும்போது திரவமாக இருக்கும், அமுக்கம் விட்டுப்போனால் கொதித்து ஆவியாகும். இன்று வீதியில் ஓடும் பெரும்பாலான வாகனங்களில் உள்ள ஆர் 134ஏ என்ற காஸ் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கையில் படும் துளி கொதிப்பதற்கு வேண்டிய சூட்டை உங்கள் தோலிலிருந்து உறிஞ்சி எடுக்கும். அதனால்தான் விரல் உறைந்து போகிறது. நெருப்புப் புண்ணும் இந்தக் குளிர்ப் புண்ணும் பார்வைக்கு வேறாக இருந்தாலும், சதைக்கு வரும் சேதம் ஒன்றுதான்.

என்ஜின் ஓடாமல் சும்மா நிற்கும் வாகனத்திலும் அமுக்கம் இருக்கிறது. 25 பாகை வெப்பத்தில் நிற்கும் வண்டியின் ஏ.சி. குழாய்க்குள் ஏறக்குறைய 80 பீ.எஸ்.ஐ. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 சொச்சம்தான். வெயிலில் நின்ற வண்டியென்றால் இன்னும் கூடும்.

இந்தக் காஸுக்கு நிறம் இல்லை, மணமும் இல்லாதது மாதிரித்தான். காற்றைவிட மூன்றரை மடங்கு பாரம். ஆகவே மேலே போகாது, தரையோடு படர்ந்து சேர்விஸ் குழிக்குள் இறங்கித் தேங்கும். குழிக்குள் நிற்கும் ஆள் சுவாசிக்கக் காற்று இல்லாமல் மயங்கி விழுவார். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதித்தால் அவரும் விழுவார். அப்படி நடந்தால் உள்ளே இறங்காதீர்கள். ஆட்களைக் கூப்பிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, வெளிக் காற்றை உள்ளே அடிக்க வேண்டும். கயிறு போட்டு மேலே இருந்தபடி இழுக்க முடிந்தால் இழுக்கலாம்.

இன்னொன்று பீடி, சிகரெட். காஸ் பரவிய இடத்தில் நெருப்பு இருந்தால் அந்தக் காஸ் உடைந்து அமில நச்சுப் புகையாக மாறும். பழைய ஆர் 12 காஸ் என்றால் பொஸ்ஜீன் என்ற கொடிய நஞ்சும் கொஞ்சம் உண்டாகும். வெல்டிங் வேலையையும் ஏ.சி. வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

வெளியே விட்டால் யாருக்கு நட்டம்?

பழைய வாகனங்களில் இருந்தது ஆர் 12. வானத்தில் சூரியனின் கெட்ட கதிரைத் தடுத்து நிற்கும் ஓசோன் படையை இந்த வகைக் காஸ் அரிக்கிறது என்பதை 1974ல் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். 1985ல் தென்துருவத்துக்கு மேலே அந்தப் படை மிக மோசமாக மெலிந்து போனது தெரிய வந்தது. 1987 செப்டெம்பர் 16ல் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இலங்கை 1989ல் சேர்ந்தது. 2010 ஜனவரி முதலாம் திகதியோடு எங்களைப் போன்ற நாடுகளிலும் அந்தக் காஸ் நிறுத்தப்பட்டது. அந்தக் கதிர் கூடினால் தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. நாள் முழுக்க மலையில் வெயிலில் நின்று கொழுந்து எடுக்கிற எங்கள் பெண்களுக்கு இது தூரத்து விசயம் இல்லை.

அடுத்து வந்த 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ 134ஏ காற்றில் போனால், ஏறக்குறைய 1,430 கிலோ கரியமில வாயு போனதற்குச் சமம். ஒரு காரில் 600 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை "புஸ்" என்று ஒரு நிமிசத்தில் விடுவது சுமார் 370 லீற்றர் பெற்றோல் எரிப்பது மாதிரி. அத்தனை பெற்றோலில் கொழும்புக்கு எத்தனை தரம் போய் வரலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இந்த வகைக் காஸ்களைக் குறைக்க 2016ல் கிகாலி நகரில் உடன்பாடு வந்தது, 2018ல் இலங்கையும் அதை ஏற்றது. மழை பிந்தினால் கொழுந்து குறைவதும், கொழுந்து குறைந்தால் கையில் வருவது குறைவதும் எங்களுக்குத் தெரிந்த கணக்குத்தானே.

பிடிப்பது எப்படி?

காஸைச் சிலிண்டருக்குள் பிடித்தெடுக்க ஒரு மெசின் இருக்கிறது. ரிக்கவரி மெசின் என்பார்கள். அதோடு நீலம், சிவப்புக் கேஜ் இரண்டும் உள்ள கேஜ் செட், அந்த வேலைக்கென்றே செய்த ரிக்கவரி சிலிண்டர், ஒரு தராசு வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடங்கக்கூடாது. சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, பக்கமும் மூடியது வேண்டும்.

முதலில் செய்வது பொனட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் படிப்பது. எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். புது மொடல் வண்டிகளில் 1234வைஎஃப் என்ற காஸ் வருகிறது. அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, அதற்கென்று செய்த மெசினில்தான் எடுக்க வேண்டும். ஸ்டிக்கரையும் முழுதாக நம்ப முடியாது. முன்பு வேலை செய்த யாரோ சமையல் காஸைக்கூட அடித்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் காஸ் இனம் காட்டும் கருவியால் பார்க்காமல் தொடக்கூடாது. 2011ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டிய கப்பல் கொள்கலன்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 134ஏ என்ற பெயரில் விற்ற போலிக் காஸில் மெதைல் குளோரைட் கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும் பொருளாக மாறியிருந்தது.

காஸ் இன்னதென்று தெரிந்த பிறகு, ஏ.சி. ஓடும் நிலையில் இருந்தால் என்ஜினைச் சில நிமிசம் ஓட விட்டு நிறுத்த வேண்டும். எண்ணெயில் கலந்திருக்கும் காஸ் அப்போதுதான் இலகுவாகப் பிரியும். நீல ஹோஸ் தாழ் அமுக்கப் பக்கம், சிவப்பு ஹோஸ் உயர் அமுக்கப் பக்கம். 134ஏ வண்டியில் இரண்டுக்கும் வாய் அளவு வேறு, மாற்றிப் போட முடியாது. நடுவில் உள்ள மஞ்சள் ஹோஸ் மெசினுக்குப் போகும், மெசினிலிருந்து இன்னொரு ஹோஸ் சிலிண்டருக்குப் போகும். ஹோஸுக்குள் இருக்கும் காற்றை மெசின் புத்தகத்தில் சொன்னபடி அகற்ற வேண்டும். காற்று கலந்தால் சிலிண்டரில் அமுக்கம் வீணாக ஏறும், அந்தக் காஸும் திரும்பப் போட உதவாது.

பிறகு மெசினை ஓட விட்டால் கேஜ் முள் இறங்கும். பூச்சியத்தைத் தாண்டி வெற்றிடப் பக்கம் போன பின் நிறுத்தி, ஐந்து நிமிசம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முள் மறுபடி ஏறினால் எண்ணெய்க்குள் இன்னும் காஸ் இருக்கிறது என்று அர்த்தம், திரும்ப எடுக்க வேண்டும். இந்த ஐந்து நிமிசத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "முடிஞ்சிருச்சு" என்று நட்டைக் கழற்றும்போதுதான் முகத்தில் அடிக்கிறது. காஸோடு வெளியே வந்த எண்ணெயை அளந்து வைத்தால், அதே அளவு புது எண்ணெய் திரும்ப ஊற்றலாம். ஹைபிரிட் வாகனம் என்றால் எண்ணெய் விசயத்தில் அதிகக் கவனம் தேவை. அதன் கொம்ப்ரஸர் நூறு வோல்ட்டுக்கு மேலான மின்சாரத்தில் ஓடுவது. பிழையான எண்ணெய் மின்சாரத்தைக் கசிய விடும். தோடம்பழ நிற வயரைப் பயிற்சி இல்லாதவர் தொடவே வேண்டாம்.

சிலிண்டர் விசயம் எல்லாவற்றையும் விட முக்கியம். ரிக்கவரி சிலிண்டரை நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிரப்பக்கூடாது. சிலிண்டரின் கழுத்தில் இரண்டு இலக்கங்கள் அடித்திருப்பார்கள். வெறும் சிலிண்டரின் நிறை ஒன்று, எத்தனை கிலோ தண்ணீர் கொள்ளும் என்பது மற்றது. 12 கிலோ தண்ணீர் கொள்ளும் சிலிண்டர் என்றால் அதில் எண்பது வீதம் 9.6 கிலோ. வெறும் நிறையோடு அதைக் கூட்டி வரும் தொகையில் தராசு நின்றால் வேலையை நிறுத்த வேண்டும். நிரம்பிய சிலிண்டரில் திரவம் சூடேறி விரிய இடம் இல்லாவிட்டால் சிலிண்டர் வெடிக்கும்.

புதுக் காஸ் வருகிற 13.6 கிலோ மெல்லிய சிலிண்டரை நிறையக் கராஜ்களில் திரும்பவும் நிரப்புகிறார்கள். அது ஒரு தடவை பாவித்துக் கழிக்கச் செய்தது. நிறத்தைப் பார்த்து என்ன காஸ் என்று தீர்மானிப்பதும் இப்போது சரிவராது, எழுத்தைப் படிக்க வேண்டும். சிலிண்டரை நெருப்பில் காட்டிச் சூடாக்குவதும், லீக் பார்க்க ஒக்சிஜன் அடிப்பதும் தற்கொலைக்குச் சமம். லீக்குக்கு றெகியுலேட்டர் போட்ட நைட்ரஜனும் சவர்க்காரத் தண்ணீரும் போதும்.

பிடித்த காஸ் குப்பை இல்லை. வடித்துச் சுத்தம் செய்து அதே வாகனத்துக்குத் திரும்பப் போடலாம், முதலாளிக்கும் காசு மிச்சம். இரண்டு வகை கலந்துவிட்டால் மட்டும் கராஜில் பிரிக்க வழி இல்லை. ஆகவே ஒரு வகைக்கு ஒரு சிலிண்டர்.

வேன் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. ஏ.சி. காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. வருசா வருசம் காஸ் அடிக்க வேண்டி வந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. அத்தோடு, லயத்துப் பக்கம் பழைய இரும்புக்கு வாங்கிப் போட்ட பிரிட்ஜையும் கார் ரேடியேட்டரையும் பிள்ளைகள் ஆணி வைத்துக் குத்தி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். விட வேண்டாம்.

பட்டுவிட்டால்

விரலில் பட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்க வேண்டும். தேய்க்கக்கூடாது, நெருப்பில் காட்டக்கூடாது, எண்ணெய், பற்பசை எதுவும் பூசக்கூடாது. துணி ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்க வேண்டாம். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிசமாவது கழுவிக்கொண்டே இருந்து, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காஸைச் சுவாசித்து மயங்கியவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து அசையாமல் படுக்க வைக்க வேண்டும். எழும்பி நடக்க விடாதீர்கள், இருதயத் துடிப்பு பிசகக்கூடும். வைத்தியரிடம் என்ன காஸ் என்று சொல்வது மிக அவசியம்.

அந்தத் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஈ.பி.எப். கட்டுறாங்களா?" என்பதுதான். "தெரியாதுங்க" என்றார். கராஜானாலும் தோட்டமானாலும் வேலையில் காயம் பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வைத்தியசாலைத் துண்டு, மருந்துத் துண்டு, சம்பளத் துண்டு ஒன்றையும் எறியாமல் வையுங்கள். நியமனக் கடிதம் இல்லாத பிள்ளைகள், தாங்கள் அங்கே வேலை செய்வதைக் காட்ட ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நைட்டாவிலும் குளிரூட்டல் வேலைக்குப் பயிற்சிநெறிகள் இருக்கின்றன. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கையில் இருந்தால் சம்பளம் பேசும்போதும், வெளிநாடு போகும்போதும் உதவும். கராஜில் இருக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது காரியாலயத்துக்கு வரச் சொல்லுங்கள், விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். கையில் கட்டோடு வந்த தம்பி நிரப்பிவிட்டார். விரல் இப்போது மடங்குகிறது, நகம் மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை.