இஸ்கியாவில் எட்டு ஆட்டம்

காபிக்குப் பேர் போன மயிலாப்பூரில் டீக்கடையில் நிற்பது கொஞ்சம் கட்சி மாறிய மாதிரிதான். அதனால் நானும் மாடி வீட்டுக்காரரும் கச்சேரி ரோடு கடையில் எப்போதும் சற்று ஓரமாக ஒதுங்கித்தான் நிற்போம். போன ஞாயிறு காலை அவர் முகம் சரியில்லை. எட்டு வயசுப் பெண் தி.நகரில் செஸ் கிளாஸ் போகிறாள். மாச ஃபீஸ், டோர்னமென்ட் என்ட்ரி, ஆட்டோ எல்லாம் கூட்டிப் பார்த்திருக்கிறார் போல.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க சார். என் போன்ல சும்மா கிடக்கிற ஆப் உலக சாம்பியனையே அடிச்சிடும்கிறாங்க. அப்புறம் இவ எதுக்கு சார் இவ்வளவு கஷ்டப்படணும்? மனுஷன் என்னிக்காவது இந்த மெஷின் முன்னாடி நின்னிருக்கானா?”

“நின்னிருக்கான். நம்ம ஊர் ஆளே நின்னிருக்கார்” என்றேன். டீ இன்னும் ஆறவில்லை. சொல்ல நேரம் இருந்தது.

1998 ஜூலை. இத்தாலியில் இஸ்கியா என்று ஒரு தீவு. விஸ்வநாதன் ஆனந்த் அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாவது இடம். எதிரே ரெபெல் 10. ஐபிஎம் கட்டிய டீப் ப்ளூ மாதிரி தனியாகச் செய்த பூதம் இல்லை, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய புரோகிராம். மொத்தம் எட்டு ஆட்டம். ஜெயித்தால் ஒரு புள்ளி, டிராவானால் அரை. முடிவு: ரெபெல் 5, ஆனந்த் 3.

“தோத்துட்டாரே சார்.”

இருங்கள். அந்த எட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் நாலு ஆட்டம் பிளிட்ஸ், ஆளுக்கு ஐந்தே நிமிஷம், நகர்த்தலுக்கு ஐந்து விநாடி கூடுதல். அதில் ரெபெல் 3-1. அடுத்த இரண்டு, ஆளுக்குக் கால் மணி நேரம். அதில் ரெபெல் ஒன்றரை, ஆனந்த் அரை. கடைசி இரண்டும் முறையான டோர்னமென்ட் ஆட்டம், நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். அதில் ஆனந்த் ஒன்றரை, ரெபெல் அரை. அதே மனுஷர், அதே மெஷின். மாறினது கடிகாரம் மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆனந்த் ஆடிப் பழகியதே வேக ஆட்டத்தில்தான். லஸ்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம், ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் அன்றைய சோவியத் கலாசார மையம். அங்கே மானுவல் ஆரோன் 1972-ல் ஆரம்பித்த தால் செஸ் கிளப். ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையில் பின்னால் போக வேண்டும். எழுந்திருக்காமல் இருப்பதற்காகவே ஆடிப் பழகிய பையன் அவர். மனுஷர்களிடையே அவருக்கு மின்னல் என்று பெயர். அந்த மின்னலே மெஷின் முன்னால் நிதானமாக ஆடியபோதுதான் தேறியது.

ஏன் அப்படி? மாடி வீட்டுக்காரர் கணக்கு ஆள், பேங்க்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். பேப்பரின் ஓரத்தைக் கிழித்து எழுதிக் காட்டினேன்.

சாதாரணமாக ஒரு நிலையில் நகர்த்தக்கூடிய வழி ஏறக்குறைய முப்பது. நான் ஒன்று நகர்த்தி நீங்கள் ஒன்று நகர்த்தினால் 900 விதம். இருவரும் இரண்டிரண்டு நகர்த்தினால் 8,10,000. மும்மூன்று என்றால் 72,90,00,000. 1997-ல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூ விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. பார்க்க பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு படி ஆழத்துக்கும் முப்பதால் பெருக்கிக்கொண்டே போனால் கோடி என்ன, எதுவும் போதாது. அதனால் மெஷின் கிளைகளை வெட்டிக்கொண்டே போகும். ஒரு நகர்த்தலுக்கு மோசமான பதில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதற்கு மேல் அந்தப் பக்கம் மெனக்கெடாது. கெட்டிக்காரத்தனமாக வெட்டினால் முப்பது ஐந்தாறாகச் சுருங்கும். அப்போதும் பெருக்கல் பெருக்கல்தான்.

இப்போது நேரத்துக்கு வருவோம். பிளிட்ஸில் ஒரு நகர்த்தலுக்குப் பத்து விநாடி கிடைக்கும் என்று வையுங்கள். இரண்டு மணி நேர ஆட்டத்தில் மூன்று நிமிஷம் கிடைக்கும். பதினெட்டு மடங்கு. அந்தப் பதினெட்டு மடங்கை வைத்துக்கொண்டு மெஷினால் கூடுதலாக எவ்வளவு ஆழம் போக முடியும்? ஒரு படி. மிஞ்சிப் போனால் இரண்டு. அவ்வளவுதான்.

மனுஷனுக்கு அந்த மூன்று நிமிஷம் வேறு சமாசாரம். பத்து விநாடியில் கை பழக்கத்துக்குப் போகும், எங்காவது குதிரையை எடுத்துக்கோ என்று கொடுத்துவிட்டு வரும். மூன்று நிமிஷத்தில் முதலில் அந்த அசட்டுத் தப்பு நிற்கிறது. பிறகு அவன் வேறு மாதிரிக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறான். இந்தக் குதிரை எங்கே இருந்தால் நன்றாக இருக்கும்? பதினைந்து நகர்த்தல் கழித்து இந்தச் சிப்பாய் என்ன ஆகும்? மெஷின் அன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காது. எத்தனை படி பார்க்கிறதோ அதற்கு அந்தப் பக்கம் அதற்கு உலகமே கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் 2003 நவம்பர், நியூயார்க், காஸ்பரோவும் எக்ஸ்3டி ஃப்ரிட்ஸ் என்ற புரோகிராமும் ஆடிய மூன்றாவது ஆட்டம். காஸ்பரோவ் சிப்பாய்களை ஒன்றோடொன்று முட்டவிட்டுப் பலகையைக் கதவு சாத்தின மாதிரி அடைத்துவிட்டார். வெட்ட எதுவும் இல்லை. கணக்குப் போட எதுவும் இல்லை. ஃப்ரிட்ஸ் என்ன செய்தது தெரியுமா? காயை இங்கே வைத்தது, திரும்ப எடுத்து அங்கே வைத்தது. பவர் கட்டில் வராந்தாவில் உலாத்துகிற மாதிரி. காஸ்பரோவ் ராணிப் பக்கம் பொறுமையாக ஒரு சிப்பாயை வளர்த்துக்கொண்டு போனார், ஜெயித்தார். நாலு ஆட்டப் போட்டி 2-2 என்று முடிந்தது. அதற்கு முந்தைய வருஷம் பஹ்ரைனில் ரஷ்யாவின் கிராம்னிக்கும் டீப் ஃப்ரிட்ஸுடன் 4-4.

“அப்ப சமமாத்தான் இருந்திருக்கு.”

கொஞ்ச காலம். 2005-ல் லண்டனில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸ் ஹைட்ரா என்ற மெஷினிடம் ஐந்தரைக்கு அரை என்று போனார். 2006-ல் பான் நகரத்தில் கிராம்னிக் உலக சாம்பியனாக உட்கார்ந்து இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டைக் கவனிக்காமல் விட்டார். உங்கள் பெண் பார்த்திருப்பாள், சத்தியமாகச் சொல்கிறேன். மனுஷன் களைப்பான், மெஷின் களைக்காது. அந்தப் போட்டி 4-2. அதற்கப்புறம் சரிசமமாக உட்கார்ந்து ஆடும் பெரிய போட்டி எதையும் நடத்த யாருக்கும் தெம்பில்லை.

மிச்சமிருந்த ஒரு சொத்தும் பிறகு போயிற்று. ‘எனக்குப் பார்த்தாலே தெரியும், இந்த நிலை நல்ல நிலை’ என்கிற அந்த உணர்வு. 2017-ல் வந்த ஆல்ஃபாஜீரோ தன்னோடு தானே ஆடி அதையும் கற்றுக்கொண்டது. 2020-லிருந்து ஸ்டாக்ஃபிஷும் அந்த மாதிரி ஒரு நியூரல் நெட்வொர்க்கை உள்ளே வைத்துக்கொண்டுவிட்டது. இப்போது லீலா என்று ஒன்று, தன் குதிரை ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஆடி, வேக ஆட்டத்தில் கிராண்ட்மாஸ்டர்களையே தடுமாற வைக்கிறது.

“அப்ப நான் கேட்டது சரிதானே?” டீ கிளாஸை வைத்துவிட்டார்.

பாதி சரி. இந்த மெஷினை, அதாவது செஸ் என்ஜினை, ஜெயிப்பது முடிந்த கதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டத்தில் எதிரே உட்காரப் போவது என்ஜின் இல்லையே. இன்னொரு வீட்டுப் பிள்ளை. அங்கே இந்த ஊரில் ஒருவர் எடுத்த முடிவு முக்கியம். குகேஷுக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, பையன் கிட்டத்தட்ட கிராண்ட்மாஸ்டர் நிலைக்கு வரும் வரை என்ஜினைத் தொட விடவில்லை. யாருக்கு எவ்வளவு சாதகம் என்று என்ஜின் காட்டும் நம்பரை ஊரே போனில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பையன் தானே யோசித்து, தானே தப்பு செய்து கற்றான். பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். எனக்கு முதலில் கேட்டபோது பிடிவாதமாகத்தான் பட்டது. காலத்துக்கு ஒவ்வாத வேலை என்று ஒரு நண்பரிடம் சொல்லவும் சொன்னேன்.

அப்புறம் 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் பட்டப் போட்டி. பதினாலாவது ஆட்டம், ஆறரைக்கு ஆறரை. குகேஷுக்குக் கறுப்பு. ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் என்ஜின் கணக்கில் அது வெறும் டிரா. பார்த்துக்கொண்டிருந்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் டைபிரேக்குக்குத் தயாராகிவிட்டார்கள். குகேஷ் எழுந்திருக்கவில்லை. அந்த நிலையை டிராவாக வைத்துக்கொள்ள, எதிரே இருந்த சாம்பியன் டிங் லிரன் ஒவ்வொரு நகர்த்தலையும் சரியாகச் செய்தாக வேண்டும். என்ஜினுக்கு அது கஷ்டமே இல்லை, அதனால் அது பூஜ்யம் காட்டியது. இரண்டரை வாரம் ஆடிக் களைத்த மனுஷனுக்கு அது பூஜ்யம் இல்லை. 55-வது நகர்த்தலில் டிங் யானையை யானைக்கு மாற்ற முன்வந்தார். (வீட்டில் யானை, கிளாஸில் ரூக். உங்கள் பெண்ணைக் கேளுங்கள்.) யானைகள் போயின. அடுத்த நகர்த்தலிலேயே குகேஷ் தன் பிஷப்பைக் கொண்டுபோய் டிங்கின் பிஷப் எதிரே வைத்தார். அதுவும் மாறினால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும், அந்தக் கூடுதல் சிப்பாயைப் பிடிக்க ஆளில்லை. 58-வது நகர்த்தலோடு டிங் கை கொடுத்துவிட்டார்.

“அப்ப அந்த ஆப்பை அழிச்சிடவா சார்?”

அழிக்க வேண்டாம் என்றேன். ஆட்டம் முடிந்து வந்ததும் முதலில் அவளே ஒரு நோட்டில் எழுதட்டும், எங்கே தப்பு செய்தோம், ஏன் என்று. பிறகு ஆப்பைத் திறக்கட்டும். அதுவரை அந்த நம்பர் மட்டும் கண்ணில் படக்கூடாது.

இந்த ஞாயிறு மறுபடி பார்த்தேன். கையில் போன், முகத்தில் அதே கடுப்பு. “நீங்க சொன்னதைக் கேட்டுட்டு அவங்க அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஸ்கிரீன்ல நம்பர் வர்ற இடத்துல ஒட்டி வெச்சிருக்கா சார். எனக்கு கால் வந்தா யாருன்னே தெரிய மாட்டேங்குது.”