எஞ்சினை மட்டும் மாற்றிய கதை

2023 டிசம்பரில் நம் சங்க நூலகத்துக்கு ஒரு புது லேப்டாப் வந்தது. பெயர் சொல்ல விரும்பாத உறுப்பினர் ஒருவரின் அன்பளிப்பு. பழைய கம்ப்யூட்டரைப் பல வருஷங்களாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், புதியதைத் தயார் செய்யும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. அதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். பிறகு அதைத் திருத்தவும் செய்தேன். வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்றிரண்டு பேருக்காவது பயன்படலாம் என்பதால் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

லேப்டாப்பில் டெபியன் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. தன் பெயரையும் தோழி டெப்ராவின் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். நம் நாட்டு அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கும் இதுதான் அடிப்படை.

ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை டெபியனின் 'ஸ்டேபிள்' பதிப்பு வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரம் ஒன்றின் பெயர். நான் போட்டது 12-ஆம் பதிப்பு, 'புக்வோர்ம்'. 2023 ஜூன் 10 அன்று வந்தது. ஸ்டேபிள் என்றால் கெட்டுப் போகவே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள், மாறாது என்பதுதான். ஒரு பதிப்பு வெளியான பிறகு, அதிலுள்ள சாஃப்ட்வேர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரிய பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டுமே வரும். புது வசதிகள் வருவது அபூர்வம். இன்று வேலை செய்தது நாளையும் அதே மாதிரி வேலை செய்யும். நூலகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் புது லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லை. செய்யவில்லை என்பதுகூட மரியாதையான வார்த்தை. அப்படி ஓர் உறுப்பு உள்ளே இருப்பதாகவே சிஸ்டம் ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் கெர்னல். சாஃப்ட்வேர்களுக்கும் கம்ப்யூட்டரின் உறுப்புகளுக்கும் நடுவே நின்று பேசுவது அதுதான். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அந்த லினக்ஸ் கெர்னல், இன்று ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. புது உறுப்புகளுக்கான டிரைவர்கள் அதனுடனேயே வரும். புக்வோர்மில் இருந்தது 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னல். எங்கள் லேப்டாப்பின் வைஃபை சில்லு ஆர்டிஎல் 8852பிஇ. அதற்கான டிரைவர் சேர்ந்தது 2023 பிப்ரவரியில் வந்த 6.2-இல். ஒரே ஒரு படி வித்தியாசத்தில் வண்டியைத் தவறவிட்டிருந்தோம்!

"இன்டர்நெட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். நூலகத்துக்கு ஞாயிறுதோறும் வரும் மாமி ஒருவர் புத்தகப் பட்டியலைத் தமிழில் டைப் செய்யத் தொடங்கினார். பழைய பதிவேடு கரையான் அரித்தது. பாதிப் பக்கங்களில் பெயரே தெரியாது. ஆகவே ஒவ்வொரு புத்தகமாக அலமாரியிலிருந்து எடுத்து, தலைப்பும் ஆசிரியர் பெயரும் பதிப்பித்த வருஷமும் பார்த்துப் பார்த்து அடித்தார். வாரம் ஒரு நாள் போதாமல் தினமும் மத்தியானம் வர ஆரம்பித்தார். பொங்கல் நெருங்கும்போது 400-க்கு மேல் முடித்திருந்தார். அதற்கு வேறு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் விழாவன்று அந்தப் பட்டியலை வருபவர்களின் மொபைலுக்கு அனுப்ப வேண்டும் என்று செயலாளர் ஆசைப்பட்டார். அப்போதுதான் எனக்கு வைஃபை ஞாபகம் வந்தது.

டெபியனில் 'சிட்' என்று ஒரு கிளை உண்டு. புதிய சாஃப்ட்வேர்கள் முதலில் வந்து சேரும் இடம். டாய் ஸ்டோரியில் பொம்மைகளை உடைக்கிற பையனின் பெயர் அது. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் நான் கேட்கவில்லை. மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இன்டர்நெட் கொடுத்தேன். சாஃப்ட்வேர் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் பட்டியலில் சிட்டையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். அப்கிரேட் கொடுத்தேன். எனக்கு வேண்டியது கெர்னல் ஒன்றுதான், அது நூற்றுக்கணக்கான பொருள்களை மாற்றப் போவதாகவும், சிலவற்றை நீக்கப் போவதாகவும் நீண்ட பட்டியல் ஒன்றைக் காட்டித் "தொடரலாமா?" என்று கேட்டது. படிக்காமல் 'ஒய்' அடித்தேன். நீக்கப்பட்டவற்றில் டெஸ்க்டாப்பின் பாகங்களும் இருந்தன. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமி உள்ளே வந்தார்.

"என்ன சார், என் புஸ்தகமெல்லாம் அதுக்குள்ளேதானே இருக்கு?"

"இருக்கு மாமி" என்றேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

அன்று ராத்திரி ஒரு பென் டிரைவில் டெபியனின் 'லைவ்' பதிப்பை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். மாமியின் ஃபைல் அப்படியே இருந்தது. நான் கெடுத்தது சிஸ்டத்தைத்தான். இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் புக்வோர்மைப் புதிதாகப் போட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இந்த மாதிரித் தேவைக்கென்றே டெபியன்காரர்கள் 'பேக்போர்ட்ஸ்' என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அடுத்த பதிப்புக்காகத் தயாராகி வரும் சாஃப்ட்வேர்களில் சிலவற்றை எடுத்து, இப்போதைய ஸ்டேபிளின் பாகங்களோடு பொருந்தும்படி மறுபடி கட்டித் தருவது இது. நாம் ஊருக்குப் போகும்போது நடு ஸ்டேஷனில் எஞ்சின் மாற்றுவார்களே, அந்த மாதிரி. பெட்டிகள் அப்படியே இருக்கும், நம் மூட்டை முடிச்சும் அப்படியே இருக்கும், இழுப்பது மட்டும் வேறு எஞ்சின்.

செய்முறையும் எளிது. பட்டியலில் புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் என்ற வரியைச் சேர்க்க வேண்டும். அந்த வரியில் ஃபர்ம்வேர் பகுதியையும் குறிப்பிட வேண்டும். வைஃபை சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிரல் அங்கிருந்துதான் வரும். பிறகு 'ஆப்ட் அப்டேட்'. அதன்பின் 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளையில் '-டி' என்ற குறியோடு பேக்போர்ட்ஸின் பெயரைச் சொல்லி, 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' என்று கேட்க வேண்டும். சில்லுக்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பையும் அதே மாதிரி கேட்டு வாங்கலாம். இந்தத் தடவை அது காட்டிய பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான்கைந்து பெயர்கள்தான் இருந்தன. நீக்கப் போவதாக எதுவும் இல்லை.

சிட் வரியைச் சேர்த்தபோது எல்லாம் மாறியது. இதைச் சேர்த்தபோது ஏன் மாறவில்லை? சாஃப்ட்வேர் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. ஸ்டேபிளுக்கும், நான் சேர்த்த சிட்டுக்கும் 500. இரண்டும் சமம் என்றால் புதியது எதுவோ அதுவே ஜெயிக்கும். பேக்போர்ட்ஸுக்கு 100 மட்டுமே. ஆகவே நாம் பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அங்கிருந்து எதுவும் தானாக உள்ளே வராது. கேட்டு வாங்கியதற்கு மட்டும் அடுத்தடுத்த திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்.

ரீஸ்டார்ட் செய்து 'யுனேம் -ஆர்' என்று கேட்டேன். 6.5 என்று பதில் வந்தது. வைஃபை பட்டியலில் பக்கத்துக் கட்டிடத்துக்காரர்களின் பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய கெர்னலை அவசரப்பட்டு நீக்காதீர்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் அதுவும் இருக்கும். புதியது தகராறு செய்தால் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். வெளியிலிருந்து தனியாக டிரைவர் போட்டிருப்பவர்கள் புது கெர்னலுக்குரிய 'ஹெடர்ஸ்' தொகுப்பையும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த டிரைவர் புது கெர்னலில் ஓடாது. பேக்போர்ட்ஸ் கெர்னல் ஒரே எண்ணில் நிற்காது, 6.5-க்குப் பிறகு 6.6 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். நாமும் கூடவே போனால்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். எல்லா உறுப்பும் ஒழுங்காக வேலை செய்கிற கம்ப்யூட்டரில், எண் பெரிதாக இருக்கிறதே என்ற ஆசைக்காக இதைச் செய்ய வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13, 'ட்ரிக்ஸி', 6.12 கெர்னலுடன் வந்தது. அதற்கு மாறியபோது பேக்போர்ட்ஸ் வரியை எடுத்துவிட்டேன். இப்போது சாதாரண ஸ்டேபிளிலேயே வைஃபை வேலை செய்கிறது.

பொங்கலன்று பட்டியல் பலருடைய மொபைலுக்குப் போனது. மறு ஞாயிறே ஏழு பேர் புத்தகம் தேடி வந்தார்கள். கறுப்புத் திரையைப் பற்றி நான் மாமியிடம் அப்போது சொல்லவில்லை. இதழ் கைக்கு வந்ததும் படிப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே போய் நானே அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிடுவதாக இருக்கிறேன்.