கூடாரத் தொழிலாளர் வீட்டில் ஒரு வாரம்

வேதபோதகர் என்றதும் அங்கி தரித்த குருக்களும் கன்னியருமே நம் கண்முன் தோன்றுகின்றனர். ஒரு கணவனும் மனைவியும் அன்னிய நாட்டில் குடியேறி, எவரிடமும் படி வாங்காமல் கைத்தொழிலால் உண்டு உடுத்து, தம் இல்லத்தையே இறைமக்கள் கூடும் ஆலயமாக்கி வாழ்ந்தனர் என்றால், அது இக்காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுவர். ஆயினும் திருச்சபையின் முதல் முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே அப்படியொரு குடும்பம் இருந்தது. ஆக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரே அவர்கள். புதிய ஏற்பாட்டின் நான்கு நூல்களில் ஆறு முறை இவர்கள் பெயர் வருகிறது. ஒரு முறையேனும் ஒருவரைத் தனியே பிரித்துக் கூறவில்லை. ஜூலை 8-ஆம் நாள் திருச்சபை இவர்களை ஒருங்கே நினைவுகூர்கிறது. இவர்கள் எபேசு மாநகரில் வாழ்ந்த நாட்களில் ஒரு வாரம் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை, வேதாகமம் தரும் செய்திகளைக் கோத்துக் காண்போம்.

அகதிகளாய் வந்தவர்கள்

ஆக்கிலா கருங்கடலின் தென்கரையிலுள்ள போந்து நாட்டில் பிறந்த யூதர். மனைவியோடு உரோமையில் வாழ்ந்து வந்தார். கி.பி. 49-ஆம் ஆண்டளவில் கிளாவுதியு பேரரசன், யூதர் தலைநகரை விட்டு வெளியேற வேண்டுமெனக் கட்டளையிட்டான். கிறெஸ்து என்பவனுடைய தூண்டுதலால் அவர்களிடையே ஓயாத கலகம் நிலவியதே காரணம் என்று சுவேத்தோனியு என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார். கிறிஸ்துவின் திருப்பெயரே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலருடைய கருத்து.

வீடு வாசல் இழந்து கொரிந்துக்கு வந்த இவர்களிடம், ஏதென்சிலிருந்து வந்த புனித சின்னப்பர் அடைக்கலம் புகுந்தார். மூவருக்கும் ஒரே தொழில், கூடாரம் செய்தல். அங்கே அவர் ஒன்றரை ஆண்டு தங்கினார். அப்போது அந்நாட்டின் ஆளுநனாயிருந்த கல்லியோவின் பெயர், தெல்பி நகரில் கிடைத்த கல்வெட்டொன்றில் காணப்படுகிறது. அதைக் கொண்டு இந்நிகழ்ச்சிகள் 51, 52-ஆம் ஆண்டுகளை ஒட்டி நடந்தவை எனக் கணிக்க முடிகிறது. பின்னர் மூவரும் எபேசுவுக்குக் கப்பலேறினர். சின்னப்பர் அங்கே சில நாள் மட்டுமே தங்கி, இத்தம்பதியரை விட்டுவிட்டுச் செசரேயாவுக்குப் பயணமானார். வழிகாட்டிய அப்போஸ்தலர் சென்றுவிட்டார். அன்னிய நகரில் அவர்கள் எஞ்சினர். அவர் திரும்பி வந்தபோது, இவர்கள் மறைபரப்புப் பணியில் பழுத்த மூத்தவர்களாய் விளங்கினர்.

ஊசியும் நூலும்

வாரத்தின் பெரும் பகுதி தொழிலிலேயே கழிந்தது. அக்காலத்து நகரங்களில் தெருவை நோக்கித் திறந்த அறை கடையாகவும், அதன் பின்புறமோ மேற்பரணோ வீடாகவும் இருப்பது வழக்கம். தோலும், ஆட்டு உரோமத்தால் நெய்த முரட்டுத் துணியும் கூடாரத்துக்கு வேண்டிய பொருட்கள். சின்னப்பரின் சொந்த நாடான சிலிசியா அத்தகைய துணிக்குப் பெயர் பெற்றது. வெட்டும் கத்தி, குத்தூசி, உறுதியான நூல் இவையிருந்தால் எந்த ஊரிலும் கடை திறக்கலாம். துரத்தப்பட்டவர்களுக்கு இத்தொழில் கைகொடுத்ததில் வியப்பில்லை.

எபேசுவிலும் சின்னப்பர் இவர்கள் வீட்டிலேயே தங்கினார் என்று பழைய கையெழுத்துப் பிரதிகள் சில குறிப்பிடுகின்றன. தம் தேவைக்கும் தம்மோடு இருந்தவர்கள் தேவைக்கும் தம் கைகளே உழைத்தன என்று அவரே பிற்காலத்தில் எபேசு மூப்பர்களிடம் கூறினார். அவர் உடலில் பட்ட துணிகளை மக்கள் நோயாளிகளிடம் எடுத்துச் சென்றனர் என அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறதல்லவா? மூலமொழியில் அவ்விடத்திலுள்ள சொற்கள், வியர்வை துடைக்கும் துணியையும் தொழிலாளி இடையில் கட்டும் மேலாடையையும் குறிப்பவை. நோய் தீர்த்த அத்துணிகளில் தொழிற்கூடத்து வியர்வையும் கலந்திருந்தது.

திரன்னு என்பவருடைய கல்விக்கூடத்தில் சின்னப்பர் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் போதித்தார். பழைய பிரதிகள் சில, முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை என்று நேரத்தையும் தருகின்றன. வெயிலுக்கு அஞ்சி ஊரார் இளைப்பாறும் வேளை அது. காலையில் ஊசி, நண்பகலில் உபதேசம், மாலையில் மீண்டும் ஊசி என்று அந்நாட்கள் சென்றிருக்க வேண்டும்.

விருந்தினர் கொணர்ந்த செய்தி

கடல் கடந்து எபேசுவுக்கு வரும் விசுவாசிகளும் பலர். கொரிந்திலிருந்து குளோயேயின் வீட்டார் வந்தனர்; ஸ்தேபனா, பொர்த்துனாத்து, அக்காயிக்கு ஆகியோரும் வந்தனர். இவர்கள் கொணர்ந்த செய்தி ஒன்று வேதனைக்குரியது. கொரிந்துச் சபையில் சிலர் சின்னப்பர் கட்சி என்றும், சிலர் அப்பொல்லோ கட்சி என்றும் பிளவுபட்டு நின்றனராம்.

இதைக் கேட்ட இத்தம்பதியரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! சின்னப்பருக்குக் கொரிந்தில் இடங்கொடுத்தவர்கள் இவர்கள். அப்பொல்லோவுக்கு முழு உண்மையை எடுத்துரைத்தவர்களும் இவர்களே. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த அவர் சொல்வன்மை மிக்கவர், வேதநூல்களில் கரைகண்டவர். ஆயினும் அருளப்பர் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். செபக்கூடத்தில் அவர் பேசக் கேட்டபோது, அத்தனைபேர் முன்னிலையில் எழுந்து இவர்கள் அவரை மறுத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தனியே அழைத்துச் சென்று, இறைவனின் நெறியை இன்னும் திட்டமாய் விளக்கினர். கற்றறிந்த நாவலர் கூடாரம் தைப்போரிடம் பாடம் கேட்டார். அவருக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர் பெண். அந்நிகழ்ச்சியைக் கூறும் இடத்தில் பிரிஸ்கில்லாவின் பெயரே முன்னால் நிற்கிறது. ஆறு இடங்களில் நான்கில் அவ்வாறே. பொன்வாய் அருளப்பர் இத்தம்பதியரைப் பற்றி இரண்டு மறையுரைகள் நிகழ்த்தியவர். மனைவி பெயர் முதலில் வருவது காரணமின்றியன்று என அவரும் சுட்டிக்காட்டியுள்ளார்.

தவறு செய்தவரை நாற்சந்தியில் நிறுத்தித் திருத்துவோர் ஏராளம். வீட்டுக்கு அழைத்துச் சென்று திருத்துவோர் அரியர். அன்று அப்பொல்லோ அவமானப்பட்டுப் போயிருந்தால், திருச்சபை ஒரு சிறந்த போதகரை இழந்திருக்கும்.

ஓய்வுநாளும் ஆண்டவருடைய நாளும்

வாரத்தின் ஏழாம் நாளில் யூத வழக்கப்படி தொழில் நின்றது. தொடக்கத்தில் அந்நாளில் இவர்கள் செபக்கூடம் சென்றனர். சின்னப்பர் மூன்று மாதம் அங்குப் போதித்தபின், எதிர்ப்பு மிகுந்ததால் சீடரைத் தனியே பிரித்துக்கொண்டார். தம் இனத்தார் நடுவே உறவை இழப்பது எளிதன்று; அத்துயரையும் இவர்கள் ஏற்றனர்.

அடுத்து வரும் வாரத்தின் முதல் நாளோ இவர்கள் இல்லத்துக்குத் திருநாள். எபேசுவிலிருந்து கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில், இவர்கள் வீட்டில் கூடும் சபையின் வாழ்த்தையும் சின்னப்பர் சேர்த்து அனுப்பினார். தோலும் துணியும் சுருட்டி ஒதுக்கப்பட்ட இடத்தில் அடிமையும் ஆண்டையும், யூதரும் கிரேக்கரும் ஒன்றாய் அமர்ந்து அப்பம் பிட்டனர். எருசலேமில் வாடிய ஏழைகளுக்காக, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கேற்ப ஒரு தொகையை ஒதுக்கி வைக்குமாறு அத்திருமுகமே பணிக்கிறது. வந்தவர்களுக்குப் பாய் விரிப்பதும், விளக்குக்கு எண்ணெய் இடுவதும், எல்லோரும் சென்றபின் வீட்டைப் பெருக்குவதும் யாருடைய வேலை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

உயிரைப் பணயம் வைத்தனர்

எல்லா வாரங்களும் அமைதியாய்க் கழியவில்லை. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாகிய அர்த்தெமி கோயில் எபேசுவில் இருந்தது. வெள்ளியால் அதன் சிறு உருவங்கள் செய்து விற்ற தெமேத்திரியு, தொழில் நலிவதைக் கண்டு கலகம் மூட்டினான். திரண்ட கூட்டம் சின்னப்பரின் தோழர் இருவரை இழுத்துக்கொண்டு நாடக அரங்கினுள் பாய்ந்தது. இரண்டு மணி நேரம் தேவதையின் பெயரை முழங்கிற்று. துருக்கி நாட்டில் இன்றும் நிற்கும் அவ்வரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் அமரலாம் என்பர்.

தம் உயிரைக் காக்க இத்தம்பதியர் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்தனர் எனவும், தாம் மட்டுமன்றிப் புறவினத்துச் சபைகள் அனைத்துமே அவர்களுக்கு நன்றிக்கடன்பட்டவை எனவும் சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார். அது எபேசுவில் நடந்ததென்றே விரிவுரையாளர் பலர் கருதுவர்.

கிளாவுதியு 54-ஆம் ஆண்டில் இறந்தான். 57-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அத்திருமுகம், இவர்கள் உரோமைக்குத் திரும்பியிருந்ததையும், அங்கும் இவர்கள் வீட்டில் சபை கூடியதையும் தெரிவிக்கிறது. திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதியிலும் இவர்களுக்கு வாழ்த்துக் கூறப்படுகிறது. எத்தனை முறை குடிபெயர்ந்தாலும் சென்ற ஊரிலெல்லாம் இவர்கள் கதவு திறந்தே இருந்தது.

நம் வீடுகளில்

பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏடு, சின்னப்பருக்கு உதவிய ஆண்களையும் பெண்களையும் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. இல்லறத்தார் அனைவருக்கும் அது விடுத்த அழைப்பை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

பங்குக்குருக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிச் செல்கின்றனர். சின்னப்பரும் எபேசுவை விட்டு மாறிச் சென்றவரே. குரு சென்றபின் பங்கில் எஞ்சுவது எது? ஊன்றி நிற்கும் குடும்பங்களே. பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்கு மணமுடித்து, பெரிய வீட்டில் தனித்திருக்கும் தம்பதியர் நம் பங்குகளில் எத்தனை பேர்! வாழ்வு முடிந்ததென்று அவர்கள் எண்ணுகின்றனர். அண்டை வீட்டில் புதிதாய்க் குடிவந்த வேற்றூர்க் குடும்பத்தை ஒரு வேளை உணவுக்கு அழைக்க அவர்களால் இயலாதா? முதல் நற்கருணைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளை மாலையில் கூட்டிவைத்து மந்திரம் கற்பிக்க இயலாதா? கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட இளைஞனைக் கடிந்து பேசாமல், திண்ணையில் அமர்த்திக் காப்பி கொடுத்து அவன் மனத்தைக் கேட்க இயலாதா?

இவற்றுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. செல்வமும் பட்டமும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலையேனும் நம் வீட்டுக் கதவைப் பிறருக்காகத் திறந்து வைப்போமாக. கணவன் திறக்க மனைவி முகஞ்சுளிப்பதும், மனைவி அழைக்கக் கணவன் முணுமுணுப்பதும் இன்றி, இருவரும் ஒருமனப்பட்டு வரவேற்போமாக. ஆக்கிலா, பிரிஸ்கில்லாவின் மன்றாட்டு நம் குடும்பங்களுக்குத் துணைநிற்பதாக.