புழக்கடையில் ஒரு வசந்தம்

பெங்களூரு நகரில் வசந்தம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவதில்லை. மாசி மாதத்தில் காலைக் குளிர் சற்றே தணிந்ததும் பாதையோரத்து வசந்தராணி மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பு மலர்களை மட்டுமே தாங்கி நிற்கும். பங்குனியில் புங்க மரங்கள் பளபளக்கும் தளிர்களைப் போர்த்துக்கொள்ளும். ஜக்கராண்டா மரங்கள் தெருவில் ஊதாநிறப் பாய் விரிக்கும். இவற்றுள் புங்கம் ஒன்றே நம் நாட்டிற்கு உரியது. ஏனைய இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நகரத்தின் இவ்வழகைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. ஈண்டுக் கூறப்புகுவது அதனினும் சிறிய ஓரிடத்தைப் பற்றியது: பிரேசர் டவுனில், நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டின் பின்புறத்தில், இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் உள்ள ஒரு புழக்கடை.

இத்துண்டு நிலம் வெற்றிடமாக விடப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பிளேக் நோய் பரவிற்று. நெருக்கமான பேட்டைகளில் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். நோயின் கிருமியை அலெக்சாந்தர் எர்சன் 1894-இல் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். ஆயின், அக்கிருமி மனிதனை அடையும் வழி விளங்கவில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதனைக் கொண்டுவருகிறது என்று பால்-லூயி சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் செய்த சோதனையால் கூறினார். பலரும் அதனை ஏற்கவில்லை. 1905-இல் தொடங்கிப் பம்பாயில் நடைபெற்ற விரிவான ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே அவர் கூற்று நிலைபெற்றது. ஆகவே, அக்காலத்து நகரமைப்பாளர்கள் எலியையும் அஞ்சினர், இருளையும் அஞ்சினர். வெளிச்சமும் காற்றும் புகும் வீட்டில் நோய் தங்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

பிரேசர் டவுன் 1906-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1910-இல் திறக்கப்பட்டது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பின்னாளில் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றம் பெற்றும், மக்கள் வாயில் பழைய பெயரே வழங்குகிறது. இதனை அமைத்த பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் பிளேக் அணுகாத நகரமைப்பைப் பற்றி 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். அகன்ற தெரு, எலி வளை தோண்டவியலாத தளம், வீட்டைச் சூழ வெற்றிடம் ஆகியவற்றையே இத்தகைய அமைப்புகள் வற்புறுத்தின. எங்கள் புழக்கடை அந்த அச்சத்தின் மிச்சம் எனலாம்.

இன்று அங்கே துவைகல் ஒன்று, அதன் கழிவுநீரைக் குடித்து வளரும் வாழைகள், ஒரு பப்பாளி, ஓர் எலுமிச்சை, செம்பருத்தி, கறிவேப்பிலை மரம் ஒன்று, அதன் வேரிலிருந்து கிளைத்த கன்று ஒன்று ஆகியவை உள்ளன. மீதி இடம் செம்மண். அச்செம்மண் என் மக்கள் இருவருக்கும் உரியது. மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நான்கு.

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இளையவன் அடுக்களைக்குள் ஓடிவந்து, “அம்மா, காக்கா எச்சம் நடக்குது!” என்றான். நடந்தது உண்மையே. கறிவேப்பிலையின் தளிர்மீது கருமையும் வெண்மையுமாக, ஈரம் மினுங்க, பறவையின் எச்சம் போன்ற ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலை அழகி என்று தமிழில் அழைக்கப்படும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பசித்த பறவையும் எச்சத்தைக் கொத்துவதில்லை. ஆதலின் இவ்வேடம் புழுவிற்குப் பாதுகாப்பாகும். சற்று வளர்ந்து எச்சத்தைவிடப் பெரிதானதும் வேடம் பயன்படாது. அப்பொழுது தோலை உரித்துக்கொண்டு இலையின் பச்சை நிறத்தை ஏற்கிறது. மூத்தவள் துடைப்பக் குச்சியால் அதன் முதுகைத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாவைப்போல் பிளவுபட்ட செந்நிற உறுப்பொன்று வெளிப்பட்டது. புளித்த எலுமிச்சையின் நெடி வீசிற்று. குழந்தைகள் இருவரும் கூவிக்கொண்டு பின்வாங்கினர். உடனே மறுபடியும் தொடுவதற்கு வந்தனர்.

என் மாமியாருக்கு இக்காட்சியில் மகிழ்ச்சி ஏற்படவில்லை. “ரசத்துக்குத் தாளிக்க ஓர் இணுக்கு உண்டா பார்” என்றார். மரத்தின் கீழ்க்கிளைகளில் ஈர்க்குகளே எஞ்சியிருந்தன. பரணில் பூச்சிமருந்துக் குப்பி ஒன்று முந்தைய ஆண்டிலிருந்தே இருந்தது. அதனை எடுத்து, நீரில் கலக்கும் அளவை அறிவதற்காகச் சீட்டைப் படித்தேன். “பரிந்துரைக்கப்பட்ட பயிர்களுக்கு மட்டும் பயன்படுத்துக, தெளித்தபின் குறித்த நாட்கள் கழியும்வரை அறுவடை செய்யற்க” என்பன போன்ற வாசகங்களை அலுவலகத்தில் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். வினைமுற்றைச் சரிபார்த்தேனே அன்றி, அதன் பொருளை ஒரு முறையும் நின்று எண்ணியவள் அல்லேன். சீட்டில் கத்தரியும் வெண்டையும் இருந்தன, கறிவேப்பிலை இல்லை. நாங்களோ அதனை நாள்தோறும் பறிப்பவர்கள். இளையவனோ கைக்கெட்டிய இலையை வாயிலிட்டு மெல்பவன். அவனுக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களைப் பற்றி எவ்வாறு சொல்லுவது? குப்பி மீண்டும் பரணுக்குச் சென்றது.

பெரிய மரம் அடுக்களைக்கு, கன்று குழந்தைகளுக்கு என்று உடன்படிக்கை ஏற்பட்டது. பெரிய மரத்தில் காணும் புழுக்களைக் காகிதத்தில் ஏந்திக் கன்றில் விடுவது மூத்தவளின் பொறுப்பு. கன்றின் தளிர்கள் தீர்ந்தபோது எலுமிச்சை இலையும் அவற்றிற்கு ஏற்புடையதாயிற்று. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை அன்றோ? இரண்டு வாரங்களுக்குமேல் தின்று கொழுத்த புழுக்கள் பலவும் எங்கோ மறைந்தன. மூன்று மட்டும் கண்ணெதிரே தண்டில் நிலைத்து, இடையில் பட்டுநூலால் கயிறு கட்டிக்கொண்டு, கூட்டுப்புழுக்களாயின. தளிரை அடுத்திருந்த இரண்டும் பச்சை நிறம். காய்ந்த குச்சியில் தொங்கியது பழுப்பு நிறம். அவள் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டாள்.

பச்சைக் கூடுகள் இரண்டும் ஏறத்தாழப் பத்து நாட்களில் ஒரு காலைப்பொழுதில் அடுத்தடுத்துத் திறந்தன. ஒன்று ஆண், கரிய சிறகில் வெண்புள்ளி வரிசை. மற்றது பெண்; அதன் பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். ஆடுதீண்டாப்பாளையைத் தின்று உடலில் நஞ்சேற்றிக்கொள்ளும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் சாயல் அது. நஞ்சில்லாத இது நஞ்சுள்ளதன் உடையை அணிந்து பறவைகளை ஏமாற்றுகிறது. ஆடும் தீண்டாத பாளை என்று அச்செடிக்குப் பெயரிட்ட நம் முன்னோர், இப்பூச்சியின் தந்திரத்தில் பாதியை அப்பெயரிலேயே சொல்லிவிட்டனர்.

பழுப்புக் கூடு திறக்கவில்லை. இரு வாரங்கள் கழிந்தபின் அதன் பக்கத்தில் குண்டூசி நுழையுமளவு ஒரு துளை தோன்றிற்று. அதன் வழியே, எறும்பினும் சிறிய, பச்சை உலோகம்போல் மின்னும் குளவிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மூத்தவள் நாற்பதுவரை எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்தி அழத் தொடங்கினாள். இவை ஒட்டுண்ணிக் குளவிகள். புழு கூட்டுப்புழுவாக மாறித் தோல் இன்னும் இறுகாதிருக்கும் சிறுபொழுதில் தாய்க்குளவி அதனுள் முட்டைகளை இட்டுவிடுகிறது. குஞ்சுகள் உள்ளிருந்தே உண்டு வளர்கின்றன. வண்ணத்துப்பூச்சியாக வேண்டிய உடல் முழுவதும் குளவிகளாக மாறிவிடுகிறது.

அழும் குழந்தைக்கு இதனை எவ்வாறு விளக்குவது? புழுக்கள் எல்லாமே பிழைத்தால் நாட்டில் கறிவேப்பிலை மிஞ்சாது என்றேன். அவள் கேட்கவில்லை. எனவே பப்பாளியின் கதையைச் சொன்னேன். வாசகர்களுக்கும் அது பயன்படும்.

2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, முசுக்கொட்டை, செம்பருத்தி முதலிய பலவற்றிலும் வெண்மாவை அப்பியதுபோல் படர்ந்தது. மேற்புறத்து மெழுகுப் பொடி அதற்குக் கவசமாதலின் மருந்து எளிதில் பற்றவில்லை. முசுக்கொட்டையில் மருந்து தெளித்தாலோ அவ்விலையை உண்ணும் பட்டுப்புழு மடியும். தாயகத்தில் இல்லாத தொல்லை இங்கு மட்டும் ஏன்? அங்கே அதனை அடக்கும் குளவிகள் இருந்தன, இங்கே இல்லை. 2010-ஆம் ஆண்டில் மூன்று வகைக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு எப்பாளத்தில் உள்ள மத்திய நிறுவனத்திற்கு வரவழைக்கப்பட்டன. வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய அமைப்பு என்று இன்று வழங்கும் அந்நிறுவனம் பிரேசர் டவுனிலிருந்து தொலைவில் இல்லை. அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி தோட்டங்களில் விடப்பட்டதும், சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கிற்று. விவசாயிகள் பல இடங்களில் மருந்துத் தெளிப்பையே கைவிட்டனர்.

மூத்தவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, “அப்படின்னா அது பப்பாளிக்குப் போகட்டும். என் கூட்டுக்கு எதுக்கு வந்தது?” என்றாள். இவ்வினாவைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுவதற்கில்லை. அயல்நாட்டுப் பூச்சியைத் தோட்டத்தில் விடுமுன் ஆராய்ச்சியாளர்கள் கேட்கும் முதல் வினாவே இதுதான். இது எதனை உண்ணும்? வேறெதனை உண்ணாது? பட்டுப்புழுவைத் தொடுமா? அடைத்த அறைகளில் வைத்து இவற்றைச் சோதித்து, தீங்கில்லை என்று தெளிந்த பின்னரே வெளியில் விடுகின்றனர். பப்பாளிக் குளவி மாவுப்பூச்சியை நாடுவது. அவளுடைய கூட்டிற்கு வந்தது வேறு வகை. அது தனக்குரியதையே தேடி வந்தது என்றேன். அவள் சமாதானமடைந்தாள் என்று கூற இயலாது. ஆயினும் துளையுள்ள கூட்டைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அன்று நான் குப்பியைத் திறந்திருந்தால் புழுவோடு இக்குளவிகளும் மடிந்திருக்கும். புழு விரைவில் திரும்பிவரும். குளவி அவ்வளவு விரைவில் வருவதில்லை. மருந்து தெளித்த தோட்டங்களில் பூச்சி முன்னிலும் மிகுவதற்கு இஃது ஒரு காரணம்.

குழந்தைகள் அந்நாட்களில் காலையும் மாலையும் வெயிலிலேயே கிடந்தனர். பாடம் கெடுகிறதென்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. சில பள்ளிகளில் மட்டும் குழந்தைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் திறந்தவெளியில் இருக்கச் செய்தனர். மூன்றாண்டுகளில் அப்பள்ளிகளில் கிட்டப்பார்வைக் குறை ஏற்பட்டவர்கள் நூற்றுக்கு 30.4; ஏனையவற்றில் 39.5. வெளிச்சம் பிளேக்கைத் தடுக்கும் என்று நம்பியவர்கள் நோயின் காரணத்தில் பாதி தவறினர். அவர்கள் ஒதுக்கிய வெளிச்சமோ நூறாண்டுக்குப் பின் கண்ணுக்கு உதவுகிறது.

சித்திரை தொடக்கத்தில் வீட்டுக்காரர் வந்தார். எழுபதைக் கடந்தவர், இதே மண்ணில் கோலி விளையாடியவர். “மழை வந்தா சேறும்மா. பூரா சிமெண்டு போட்டுட்டா ரெண்டு வண்டி நிறுத்தலாம், உங்களுக்கும் சௌகரியம்” என்றார். பிரேசர் டவுனில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழும் தெருக்களில், புழக்கடை என்ற சொல்லே குழந்தைகளுக்கு விளக்கப்பட வேண்டியதாகிவிட்டது. வாடகைக்கு இருப்பவர்கள் மறுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. நான் வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு கணக்கை மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். புழக்கடை ஏறத்தாழ 28 சதுர மீட்டர். பெங்களூரில் ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆகவே இத்துண்டு நிலத்தின்மேல் ஆண்டுதோறும் விழுவது சுமார் 27,000 லிட்டர். அனைத்தும் நிலத்தடிக்குச் சென்றுவிடும் என்பதன்று. சிமெண்டு போட்டால் அதில் ஒரு துளியும் மண்ணுக்குள் இறங்காது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நகரெங்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துநின்றதை அவர் மறந்திருக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இறுதியில் பாதி இடம் போயிற்று. சுவரோரமாகக் கடப்பைக் கற்கள், இடையில் மண் தெரியும்படி, சிமெண்டின்றிப் பரப்பப்பட்டன. அப்பக்கத்தில் நின்ற எலுமிச்சை வெட்டப்பட்டது. அன்று குழந்தைகளை என் கணவர் வெளியே அழைத்துச் சென்றிருந்தார். திரும்பியதும் இளையவன் அடிமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் மாங்காய் மழை பெய்தது. கற்களின் இடுக்குகளில் நீர் சுழித்து இறங்கிற்று. ஐந்தாறு நாட்களில் கறிவேப்பிலைக் கன்று புதுத் தளிர் விட்டது. இளையவன் அதன் முன் குந்தி, இலையொன்றின் நுனியில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, பாட்டியிடம் சொல்ல வேண்டாம் என்று என் காதில் கூறினான்.