செத் துறைமுகத்தில் ஒரு மீன் விருந்து

‘லா கிரேன் எ லெ மூலே’ (2007)
இயக்கம்: அப்தெலதீஃப் கெஷிஷ்

துனிஸில் 1960இல் பிறந்த கெஷிஷ், ஆறு வயதில் பெற்றோருடன் பிரான்சின் நீஸ் நகருக்குக் குடிபெயர்ந்தவர். இக்கதையின் நாயகனாகத் தன் தந்தையையே நடிக்கவைக்க எண்ணியிருந்தார். அதற்குள் தந்தை காலமானார். தந்தையின் நண்பரும் கட்டடத் தொழிலாளியுமான ஹபீப் பூஃபாரெஸ் அந்த வேடத்தை ஏற்றார்.

61 வயது சிலிமான், பிரான்சின் செத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்ப்பவர். வேலை கைவிட்டுப் போக, பழைய கப்பல் ஒன்றை உணவகமாக்க முனைகிறார். பிரிந்துபோன மனைவி சமைக்கும் மடவை மீன் கூஸ்கூஸ் என்ற ரவை உணவை நம்பித்தான் எல்லாம். வங்கியிலும் நகராட்சியிலும் அவருக்காகப் பேசுவது, அவருடன் இப்போது வாழும் பெண்ணின் மகள் ரிம். சிலிமான் பேசுவதே அரிது. உழைத்து ஓய்ந்த ஒரு தலைமுறை முழுவதும் அந்த முகத்தில் தெரிகிறது.

ஞாயிறு விருந்துக் காட்சியை அவசரமின்றிப் பாருங்கள். மீனைக் கையால் பிய்த்துத் தின்றபடி பிள்ளைகளும் மருமக்களும் ஓயாமல் பேசுகிறார்கள். சிலிமான் அங்கே இல்லை. அவர் பங்கை மகன்கள் எடுத்துச் செல்கிறார்கள்.

திறப்பு விழா இரவில் கூஸ்கூஸ் பாத்திரம் மகனின் காரோடு போய்விடுகிறது. பசித்த விருந்தினரை இருத்திவைக்க ரிம் ஆடுகிறாள். வேர்வை வழிய நீளும் அந்த ஆட்டத்தைக் கெஷிஷ் சுருக்காமல் விட்டது சரியான முடிவு. ரிம்மாக நடித்தவர் ஹஃப்சியா எர்சி.

இப்படம் வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும், 2008இல் சிறந்த படம் உட்பட பிரான்சின் 4 சேசார் விருதுகளும் பெற்றது.