புலி பீவர் ஆன கதை: இர்கூத்ஸ்க் நகரச் சின்னத்தின் வரலாறு

ஒவ்வொரு நாட்டுக்கும் கொடி இருப்பது போலவே சின்னமும் உண்டு. மலேசியாவின் சின்னத்தில் இரு புலிகள் கேடயத்தைத் தாங்கி நிற்பதை அரசாங்கக் கடிதங்களிலும் கடப்பிதழின் அட்டையிலும் நாம் காண்கிறோம். ஐரோப்பிய நாடுகளில் நகரங்களும் தமக்கெனத் தனிச் சின்னம் வைத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். ரஷ்யாவின் மாஸ்கோ நகரச் சின்னத்தில் குதிரை வீரன் ஒருவன் பறவை நாகத்தை ஈட்டியால் குத்துகிறான். யாரோஸ்லாவ்ல் நகரச் சின்னத்திலோ கரடி ஒன்று கோடரியைத் தோளில் சாய்த்து நிற்கிறது. இவற்றை எல்லாம் விட வியப்பானது இர்கூத்ஸ்க் நகரத்தின் சின்னம். அதில் காணப்படும் விலங்கை உலகின் எந்தக் காட்டிலும் நாம் காண முடியாது!

வெள்ளிநிறக் கேடயத்தில் பசும்புல்லின்மீது கரிய விலங்கு ஒன்று ஓடுகிறது. உடல் புலியைப் போன்றது. வாலோ தடித்தது, பின்னங்கால் விரல்களுக்கு இடையில் வாத்தின் காலில் இருப்பது போன்ற சவ்வு தெரிகிறது. கண்கள் சிவந்தவை. வாயில் சிவப்பு நிறச் சிறு விலங்கொன்றைக் கௌவிக்கொண்டிருக்கிறது. இந்த விந்தை விலங்கு எங்கிருந்து வந்தது? அதனை அறிய நாம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இர்கூத்ஸ்க் நகரம் சைபீரியாவில், அங்காரா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. உலகிலேயே மிக ஆழமான ஏரியாகிய பைக்கால் அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பைக்கால் ஏரியில் வந்து கலக்கும் ஆறுகள் பல. அதிலிருந்து வெளியேறும் ஆறு அங்காரா ஒன்றே. 1661-ஆம் ஆண்டில் யாக்கோவ் போகாபோவ் என்பவரின் தலைமையில் வந்த கோசாக்கு வீரர்கள் இங்கு மரத்தாலான கோட்டையொன்றை எழுப்பினர். 1686-ஆம் ஆண்டில் அது நகரம் என்னும் தகுதியைப் பெற்றது. 1690-ஆம் ஆண்டில் அந்நகருக்குத் தனி முத்திரை வழங்கப்பட்டது. 'பாப்ர்' என்னும் விலங்கு சேபிள் ஒன்றைக் கௌவிச் செல்வதே அம்முத்திரையின் உருவம். 1790-ஆம் ஆண்டில், இரண்டாம் கேத்தரின் பேரரசியின் ஆட்சியில், அதே உருவம் நகரச் சின்னமாக முறைப்படி உறுதி செய்யப்பட்டது.

'பாப்ர்' என்பது புலியைக் குறிக்கும் பழஞ்சொல். பாரசீக மொழியிலும் புலிக்கு இதுவே பெயர். சைபீரிய மக்கள் புலியை இப்பெயராலேயே அறிந்திருந்தனர். அக்காலத்தில் ஆமூர் ஆற்றுப் பக்கத்துக் காடுகளிலிருந்து புலிகள் எப்போதாவது பைக்காலுக்கு அப்பாலுள்ள பகுதிகளுக்கும் வந்து போனதுண்டு. ஆகவே, வலிமைக்கும் அச்சத்திற்கும் உரிய புலியை அந்நகரத்தார் தம் சின்னத்தில் வைத்ததில் வியப்பில்லை.

புலியின் வாயிலுள்ள சேபிள் கீரியைப் போன்ற தோற்றமுடைய சிறு விலங்கு. பூனையைவிடச் சிறியது, ஆயினும் அதன் மென்மயிர்த் தோலுக்காகவே ரஷ்யர்கள் சைபீரியாவின் பனிக்காடுகளுக்குள் புகுந்தனர் என்று கூறலாம். அத்தோல் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்டது. மன்னர்களின் அங்கிகளுக்கும் செல்வர்களின் தொப்பிகளுக்கும் பயன்பட்டது.

ஆனால் அதனை வேட்டையாடியவர் யார்? அங்கு வழிவழியாக வாழ்ந்த புரியாத்து, எவெங்கி முதலிய இனத்தவரே ஆவர். அவர்கள் ஆண்டுதோறும் 'யசாக்' என்னும் வரியைத் தோலாகச் செலுத்த வேண்டியிருந்தது. வரி தவறாமல் வந்து சேர்வதற்காக அவர்களுடைய உறவினரைப் பிணையாகக் கோட்டையில் அடைத்து வைத்ததும் உண்டு. கடுங்குளிரில் காடு மேடெல்லாம் அலைந்து அவர்கள் தேடிய செல்வம் அரசனின் கருவூலத்தை நிரப்பியது. சின்னத்தில் சேபிள் இருக்கிறது. அதனைத் தேடித் தந்த உழைப்பாளியின் உருவம் அதில் இல்லை. பிறர் உடுத்துவதற்கும் உண்பதற்கும் உழைப்போர் அந்தச் சிறு விலங்கைப் பார்க்கும்போது அதன் பின்னே நிற்கும் மனிதரையும் எண்ணிப் பார்ப்பர்.

இனி, புலி உருமாறிய கதைக்கு வருவோம். ரஷ்ய மொழியில் 'போப்ர்' என்பது பீவர் என்னும் வேறொரு விலங்கின் பெயர். பீவர் ஆற்றில் வாழ்வது; மரத்தைப் பல்லால் கடித்து வீழ்த்தி அணை கட்டுவது. 'பாப்ர்', 'போப்ர்' ஆகிய இரு சொற்களுக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஓர் உயிரெழுத்து மட்டுமே. காலப்போக்கில் 'பாப்ர்' என்னும் பழஞ்சொல் வழக்கொழிந்தது. தொலைவிலுள்ள தலைநகரில் சின்னங்களுக்கு விளக்கம் எழுதிய அலுவலர்களுக்கு அச்சொல் விளங்கவில்லை. 1878-ஆம் ஆண்டில் இர்கூத்ஸ்க் மாநிலத்தின் சின்னத்தை உறுதி செய்தபோது, 'சிவந்த கண்களையுடைய கரிய பீவர், சிவந்த சேபிளைக் கௌவிய நிலையில்' என்னும் பொருள்பட விளக்கம் அமைந்துவிட்டது. பீவரோ மரப்பட்டையையும் தழைகளையும் தின்னும் விலங்கு. அது சேபிளைப் பிடித்துத் தின்பது எவ்வாறு?

ஓவியர்கள் திகைத்திருக்க வேண்டும். பழைய படத்தில் இருந்தது புலி. புதிய ஆணையில் இருந்தது பீவர். இரண்டையும் விட்டுவிடாமல், புலியின் உடலுக்குப் பீவரின் வாலையும் சவ்வுக்காலையும் சேர்த்து வரைந்தனர். இவ்வாறு பிறந்ததே இன்றைய 'பாப்ர்'.

இது நமக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் நம் தமிழிலும் 'லி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ளி' என்று எழுதினால், புலி புளியாகிவிடும் அன்றோ! காட்டையே நடுங்க வைக்கும் விலங்கு ஒரு நொடியில் குழம்பில் கரைந்து போகும். ஆசிரியர் சிவப்பு மையால் ஓர் எழுத்தைச் சுழித்துக் காட்டுவது வீண் கண்டிப்பு அன்று.

1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பேரரசின் காலத்துச் சின்னங்கள் கைவிடப்பட்டன. 1991-ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் பல நகரங்கள் தம் பழைய சின்னங்களை மீண்டும் ஏற்றன. இர்கூத்ஸ்க் மாநிலம் 1997-ஆம் ஆண்டில் கரிய பாப்ரைத் தன் சின்னமாக்கியது. நகரமும் அவ்விலங்கையே கொண்டுள்ளது. பிழையால் பிறந்தது என்று அறிந்தும் மக்கள் அதனை விலக்கவில்லை. உலகில் வேறு எவருக்கும் இல்லாத விலங்கு என்று பெருமை கொள்கின்றனர். 2012-ஆம் ஆண்டில் நகரின் நடுவே அதற்குப் பெரிய சிலையும் வைத்தனர்.

சேபிளின் கதையும் அழிவில் முடியவில்லை. அளவற்ற வேட்டையால் அது மிகவும் அருகிப்போனதும், அதனைக் காப்பதற்கென்றே பைக்காலின் கிழக்குக் கரையில் பர்குசின் காப்புக்காடு 1916-ஆம் ஆண்டின் இறுதியில் அமைக்கப்பட்டது. இன்று சேபிள் அக்காடுகளில் மீண்டும் பெருகி வாழ்கிறது.

ஒரு சிறு கேடயத்துக்குள் இத்தனை செய்திகள் அடங்கியுள்ளன: ஒரு நகரின் தோற்றம், வேட்டைக்காரரின் உழைப்பு, ஓர் எழுத்தின் பிழை, அழிவிலிருந்து மீண்ட ஓர் உயிர். சின்னம் எதுவாயினும் அதன் அழகை மட்டும் கண்டு நின்றுவிடாமல், அதிலுள்ள ஒவ்வோர் உருவமும் ஏன் வந்தது, யாருடைய உழைப்பால் வந்தது என்று கேட்டறியப் பழகுவோம். அவ்வாறு கேட்கும் பிள்ளைக்கு ஊமைப் படமும் வாய் திறந்து வரலாறு கூறும்.