காலையிலும் வடியாத வயிறு

மதுரை நகரின் தென்மேற்கு விளிம்பில் உள்ள பசுமலை, பழங்காநத்தம், திருப்பரங்குன்றம் வட்டாரங்களில் வயிற்று உப்புசத்துக்கான முதல் சிகிச்சை, தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே, பெரும்பாலும் மருத்துவரிடம் தொடங்குவதில்லை. வீட்டில் ஓமத் தண்ணீர், பெட்டிக்கடையில் சோடா, அவற்றுக்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' என்ற வரிசையில் அது நகர்கிறது. இப்பெயரில் விற்கப்படும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவையே அன்றி, குடலில் உண்டாகும் வாயுவைக் குறைப்பவை அல்ல. நெஞ்செரிச்சலை அவை தணிப்பதால் நோய் குணமாகிவருகிறது என்ற நம்பிக்கை பிறக்கிறது. உப்புசமோ அப்படியே இருக்க, மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

வந்து போகும் உப்புசம்

உப்புசத்தின் பெரும்பகுதி தீங்கற்றது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். மொச்சை, சுண்டல், பருப்பு ஆகியவற்றில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லாமையால், அவை பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கப்பட்டு வாயுவாகின்றன. பாலில் உள்ள லாக்டோஸின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1981-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட வட இந்தியருள் சுமார் நான்கில் ஒருவருக்கும் தென்னிந்தியருள் மூன்றில் இருவருக்கும் லாக்டோஸ் முழுமையாகச் செரிக்கவில்லை எனக் கண்டறியப்பட்டது. சுண்டக் காய்ச்சிய பாலில் செய்யும் ஜிகர்தண்டாவைக் குடித்த ஓரிரு மணி நேரத்தில் சிலருக்கு வயிறு பொருமுவதற்கு இது காரணமாகலாம்.

நீரிழிவுக்குத் தரப்படும் வோக்லிபோஸ், மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவதன் மூலமே வேலை செய்வதால் வாயுவையும் உண்டாக்குகிறது. மெட்ஃபார்மினும் சிலருக்கு இத்தொல்லையைத் தருகிறது. மலச்சிக்கல், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் காரணங்களே. குடலில் வாயு மிகாத நிலையிலும் வயிறு உப்புவதுண்டு: உதரவிதானம் கீழிறங்கி, வயிற்றுச் சுவரின் தசைகள் தளரும்போது, உள்ளிருப்பவை முன்தள்ளப்பட்டு வயிறு பெருத்துத் தோன்றுகிறது. இவ்வகை உப்புசங்கள் உணவோடும் வேளையோடும் ஏறி இறங்குபவை. மாலையில் பெருத்த வயிறு பெரும்பாலும் காலையில் வடிந்திருக்கும்.

போகாத உப்புசம்

நாள் முழுதும் நீடித்து, வாரந்தோறும் கூடிவரும் உப்புசம் வேறு வகையைச் சேர்ந்தது. வயிற்றுக்குள் இடத்தை அடைத்திருப்பது காற்றாக இன்றி நீராகவோ கட்டியாகவோ இருக்கக்கூடும் என்பதால், அதன் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். ஆண்களிடம், குறிப்பாக மதுப்பழக்கம் உள்ளவர்களிடம், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோப்பதை முதலில் நினைக்க வேண்டும். நடுத்தர வயதைக் கடந்த பெண்களிடம் நினைக்க வேண்டியது சினைப்பைப் புற்றுநோய். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றை அடுத்து மூன்றாம் இடத்தில் இருப்பது அதுவே.

சினைப்பை இடுப்புக் குழியின் ஆழத்தில் இருப்பதால், அதில் வளரும் கட்டி நெடுநாள் வலியின்றி இருக்க முடியும். அது பரவும்போது வயிற்று உறையில் நீர் சுரக்கிறது. இரைப்பை அழுத்தப்படுவதால் சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. சிறுநீர்ப்பை அழுத்தப்படுவதால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்கிறது. இக்குறிகளை முதுமைக்கும் அஜீரணத்துக்கும் உரியவையாகக் கொள்வது எளிது என்பதே ஆபத்து. நோய் சினைப்பைக்குள் அடங்கியிருக்கையில் கண்டறியப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் அந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே கிடைக்கிறது.

ஒரே தோற்றம், இரு நோய்கள்

இந்தியச் சூழலில் இதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க மற்றொரு நோய் வயிற்றுக் காசநோய். பசுமலையைத் தாண்டித் திருமங்கலம் நோக்கிச் செல்லும் வழியில் தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை காசநோய் சிகிச்சைக்கு இவ்வட்டாரத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆயினும் நெஞ்சோடு நின்றுவிடாமல், சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தையும் வயிற்று உறையையும் அந்நோய் பற்றும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உப்புசம், எடைக்குறைவு, மாலைநேர இளங்காய்ச்சல், வயிற்றில் நீர் ஆகியவை அதன் குறிகள். இருமல் இல்லாமலும் இருக்கலாம்.

சினைப்பைப் புற்றுநோயைச் சந்தேகிக்கும்போது அளவிடப்படும் சிஏ-125 என்னும் இரத்தப் புரதம் வயிற்றுக் காசநோயிலும் உயர்வதால், அந்த எண்ணை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது. கோத்த நீரை எடுத்துச் சோதிப்பதும், தேவையெனில் சிறு துளைவழிக் கருவியைச் செலுத்தித் திசுத் துணுக்கை எடுத்து ஆராய்வதுமே இரண்டையும் பிரித்தறியும் வழி. முன்னதற்கு அறுவையும் புற்றுநோய் மருந்துகளும் தேவைப்பட, பின்னது பெரும்பாலும் ஆறு மாத மாத்திரைகளிலேயே குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் அம்மருந்துகள் இலவசம். ஆகவே புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர், எளிதில் தீரக்கூடிய ஒரு நோயையும் சேர்த்தே வளர விடுகிறார்.

எப்போது செல்ல வேண்டும்

மூன்று வாரங்களுக்கு மேல் விடாமல் உப்புசம் இருந்தால் மருத்துவரைக் காண்பது நல்லது. பிரிட்டனின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2011-ல் வகுத்த நெறியின்படி, பெண்களுக்கு, சிறப்பாக 50 வயதைக் கடந்தவர்களுக்கு, மாதத்தில் 12 முறைக்கு மேல் உப்புசமோ சீக்கிரம் வயிறு நிறைவதோ அடிவயிற்று வலியோ ஏற்பட்டால் சினைப்பையைச் சோதிக்க வேண்டும். எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரத்தசோகை, காய்ச்சல், மஞ்சள் காமாலை, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்கலாகாது. வயிறு வீங்கிக் கடும் வலியும் வாந்தியும் தோன்றி, மலமும் வாயுவும் பிரியாமல் நின்றுவிட்டால், அது குடலடைப்பாக இருக்கலாம் என்பதால் உடனே அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும்.

முதற்கட்டப் பரிசோதனை பெரும் செலவுடையதன்று. மருத்துவர் வயிற்றைத் தட்டி, நோயாளியைப் பக்கவாட்டில் திரும்பச் செய்து மீண்டும் தட்டும்போது, மந்த ஒலி இடம் மாறினால் உள்ளே நீர் இருப்பது தெரிகிறது. எஞ்சியதை வயிற்று ஸ்கேனும் சில இரத்தப் பரிசோதனைகளும் காட்டும். அதற்குச் செல்பவர், உப்புசம் இருந்த நாள்களை ஒரு மாதம் காலண்டரில் குறித்து, உண்ணும் மருந்துகளின் சீட்டுகளையும் உடன் கொண்டுசெல்வது மருத்துவரின் வேலையைப் பாதியாக்கும். மூன்று வாரங்களுக்கு மேல் விடாத உப்புசமோ அபாயக் குறிகளோ உள்ளவர்களுக்கு மட்டும் அந்த ஒரு மாதக் காத்திருப்பும் கூடாது.